லீலாவின் வலப்பக்கம்

சந்தேகப்படுவதற்குப் படிப்புத் தேவையில்லை. ஆனால் படித்தவன் சந்தேகப்படத் தொடங்கினால் அதன் வடிவே வேறு. படிக்காதவன், "உவனிலை எனக்கொரு ஐமிச்சம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விடுவான். படித்தவன் அந்த ஐமிச்சத்துக்குக் 'கருதுகோள்' என்று பெயர் வைத்து, சான்று தேடி, வாழைக்குள் பதுங்கி, கடைசியில் அயலட்டை பார்க்க மானம் போனபிறகுதான் ஓய்வான். நான் படித்தவன். ஒரு காலத்தில் உரும்பிராயில் எங்கள் அயலவரின் தலையில் கிடந்த துவாய்த் துண்டைச் சந்தேகப்பட்டவன். அதனால் என் வாழ்க்கை போன திசையே மாறியது.

அப்போது நான் விவசாயம் படித்து முடித்துவிட்டு ஓர் ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். ('தற்காலிகம்' என்ற சொல்லை அம்மா வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.) எங்கள் ஆராய்ச்சி ஆட்டுமயிரைப் பற்றியது. சிரிக்க வேண்டாம். குளிர்நாடுகளில் பாலுக்கோ இறைச்சிக்கோ இல்லாமல் மயிருக்காகவே வளர்க்கும் ஆடுகள் உண்டு. மேல்மயிருக்கு அடியில் அவற்றுக்கு மெல்லிய உள்மயிர் வளரும். அதைச் சீவியெடுத்து விலையுயர்ந்த சால்வை நெய்வார்கள். அந்த ஆடுகளின் மயிர்க்கால்களுக்குள் ஸ்டெம் செல் எனப்படும் மூலக் கலங்கள் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். பருவம் வந்ததும் எழும்பிப் பெருகி, புதுமயிரை வளர்த்துவிட்டு, மறுபடி படுத்துவிடும். (நல்ல உத்தியோகம்.) தாவரங்களில் உள்ள சில பொருட்கள் அந்தக் கலங்களைத் தட்டி எழுப்புமா என்பதுதான் கேள்வி. எங்களுக்குக் கிடைத்த தாவரம் கையாந்தகரை. இந்தியாவில் கரிசலாங்கண்ணி என்பார்கள். எங்களூர்ப் பெண்கள் தலைக்கு எண்ணெய் காய்ச்சும் அதே இலைதான்.

குளிர்நாட்டு ஆட்டின் கலங்களை வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று அனுப்பியிருந்தது. கண்ணாடித் தட்டுகளில் அவற்றை வளர்த்து, கையாந்தகரைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்ததை விட்டுப் பார்த்தோம். கொஞ்சம் பெருகின. அந்த வெளிநாட்டு ஆய்வுகூடத்தின் தலைவி கலாநிதி வசந்தி எங்களூரில் பிறந்து சிறுவயதிலேயே குடும்பத்தோடு போனவர். அவர் நேரில் வந்து எங்கள் வேலையைப் பார்த்து, உதவியாளர் இருவரில் ஒருவரைக் கலாநிதிப் பட்டத்துக்குத் தன்னோடு எடுப்பார் என்று செய்தி வந்தது. ஒருவன் நான். மற்றவன் சுகந்தன்.

சுகந்தனுக்குக் கை நடுங்காது. அவன் தட்டுகளில் பூஞ்சணம் பிடிக்காது. என் தட்டுகளில் பிடிக்காத பூஞ்சணம் கிடையாது. ஆகவே தட்டை நம்பினால் வெளிநாடு அவனுக்குத்தான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவனால் முடியாத ஒன்றை நான் செய்து காட்ட வேண்டியிருந்தது. உயிருள்ள ஆட்டில்.

எங்கள் வீட்டில் அப்போது மூன்று உயிர்கள்: அம்மா, நான், லீலா. ஐயா காலமாகிவிட்டார். அக்கா கனடாவில், அண்ணை லண்டனில். லீலா என்பது அம்மாவின் ஆடு. காது தொங்கும் கலப்புச் சாதி, பின்தொடைகளில் நீளமாக மயிர் வளரும். சால்வை நெய்ய உதவாது. ஆனாலும் மயிர்க்கால் எந்த நாட்டு ஆட்டுக்கும் மயிர்க்கால்தானே என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

வெளிநாட்டு விஷயத்தைச் சொன்னபோது அம்மா, "நல்லது தம்பி, கிடைச்சால் போ" என்றார். சொல்லிவிட்டு லீலாவுக்குக் குழை ஒடிக்கப் போனார். ஆட்டு விஷயத்தைச் சொன்னபோதுதான் குரல் உயர்ந்தது.

"ஆட்டுக்கு மயிர் வளத்து என்ன செய்யப்போறாய்? சடை பின்னிப் பூ வைக்கப்போறியோ?"

"விஞ்ஞானம் அம்மா."

"உன்ரை தலையே முன்னுக்குக் கொட்டுது. அதுக்கு ஒரு விஞ்ஞானத்தையும் காணேல்லை."

லீலாவின் இரண்டு தொடைகளிலும் நெருப்புப்பெட்டி அளவுக்கு மயிரை மழித்தேன். இடப்பக்கம் கையாந்தகரைச் சத்துக் கலந்த தேங்காயெண்ணெய். வலப்பக்கம் வெறும் தேங்காயெண்ணெய். இடப்பக்கம் மட்டும் கெதியாக வளர்ந்தால் வெற்றி. வலப்பக்கம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அந்தப் பக்கம் மருந்து ஒரு துளியும் படக்கூடாது. மருந்துப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் மாசிச் சம்பலுக்குப் பக்கத்தில் வைத்தேன். நாள்தோறும் காலையில் கையுறை போட்டுக்கொண்டு நான் பூச, லீலா திரும்பி என்னை ஒரு பார்வை பார்க்கும். தன் வாழ்நாளில் இப்படியொரு விசரனைக் கண்டதில்லை என்பது அந்தப் பார்வையின் பொருள்.

இடப்பக்கம் வளர்ந்தது. சும்மா இல்லை, அடர்த்தியாக, கறுப்பாக, பளபளவென்று. நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பட்டமளிப்பில் தொப்பியை எப்படிப் பிடிப்பது என்றுகூடப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு வலப்பக்கமும் வளர்ந்தது. அதேபோல அடர்த்தியாக, கறுப்பாக, பளபளவென்று.

வெறும் தேங்காயெண்ணெய்க்கு அப்படி வளராது. அப்படி வளர்வதென்றால் ஆராய்ச்சியும் தேவையில்லை, நானும் தேவையில்லை. யாரோ வலப்பக்கத்துக்கு மருந்து பூசுகிறார்கள். போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். நான் எடுத்ததைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. அந்தக் கணத்திலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

முதலில் சுகந்தனைச் சந்தேகப்பட்டேன். ஒருநாள் வீட்டுக்கு வந்து புட்டுச் சாப்பிட்டவன், கை கழுவும்போது கொட்டில் பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான். ஆனால் அவனுக்கு ஆடென்றால் பயம் (கால்நடைத் துறையில் அவன் எப்படித் தேறினான் என்பது வேறு கதை). அடுத்து லீலாவையே சந்தேகப்பட்டேன். இடத்தொடையைச் சுவரில் தேய்த்து, அந்த எண்ணெயில் வலத்தொடையைத் தேய்க்கிறதோ? அரைநாள் கொட்டிலுக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தேன். லீலாவும் அரைநாள் என்னைப் பார்த்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் சிவபாலண்ணை வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

சிவபாலண்ணை பக்கத்துத் தோட்டக்காரர். வெங்காயமும் மரவள்ளியும் வைப்பவர். நல்ல மனிதர், ஆனால் தலை முக்கால்வாசி வெளி.

"தம்பி, உந்த மருந்து மனிசருக்கும் சரிவருமோ?"

"ஏன் அண்ணை கேக்கிறியள்?"

"சும்மா. ஒரு அறிவுக்கு."

எங்களூரில் அறிவுக்காக யாரும் எதையும் கேட்பதில்லை. குறித்துக்கொண்டேன். அதற்கு அடுத்த கிழமை அவர் தலையில் ஒரு துவாய் ஏறியது. தோட்டத்தில் துவாய் கட்டுவது புதினமில்லை. ஆனால் இவர் மருதனார்மடம் சந்தைக்குச் சைக்கிளில் போகும்போதும் அதைக் கழற்றவில்லை. மழைக்கும் கழற்றவில்லை. கோயில் வாசலில் சால்வையைக்கூட இடுப்புக்கு இறக்குகிற மனிதர், துவாயோடு தூர நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். துவாய்க்குள் என்ன இருக்கிறது? என் கருதுகோள் கண்முன்னே முழுசாக எழுந்து நின்றது. இவர் எங்கள் குசினிக்குள் புகுந்து மருந்தை எடுக்கிறார். பழுதான சாமானாக இருக்குமோ என்று முதலில் ஆட்டின் வலப்பக்கத்தில் பூசிச் சோதிக்கிறார். சரிவந்ததும் தன் தலைக்குப் பூசுகிறார். துவாய்க்குள் என் மயிர் வளர்ந்துகொண்டிருக்கிறது!

போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பை வழக்கம்போல அம்மாவிடம் கொடுத்தேன். அப்படியும் மருந்து குறைந்தது. பூட்டிய அலுமாரியைத் திறக்கத் தெரிந்த ஆள் என்று சிவபாலண்ணையின் மேல் எனக்கு ஒரு பயம்கூட வந்துவிட்டது. அம்மாவைச் சந்தேகிக்கலாம் என்ற எண்ணம் மட்டும் வரவே இல்லை. தாயைச் சந்தேகிப்பவன் ஒரு பிள்ளையா?

ஒரு பின்னேரம் வாழைக்குள் பதுங்கிக் காவல் இருந்தேன். முசுறு எறும்புகள் என் சாரத்துக்குள் தங்கள் ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தன. அசையவில்லை. சிவபாலண்ணை வந்தார். இந்தப்பக்கம் பார்த்தார், அந்தப்பக்கம் பார்த்தார், வேலிக்கு மேலால் கையை விட்டார். நான் மூச்சைப் பிடித்தேன். லீலாவுக்கு ஒரு கொத்துப் பலாவிலையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

"உதுக்குள்ளை என்ன செய்யிறாய்?" பின்னால் அம்மா.

"இயற்கையை அவதானிக்கிறன்."

"அவதானிச்சுப்போட்டு வரேக்கை ரெண்டு இலை வெட்டிக்கொண்டு வா. சாப்பிட வேணும்."

பலாவிலையில் மருந்து தடவியிருக்குமோ என்று லீலாவின் வாயிலிருந்து ஒரு துண்டைப் பிடுங்கி மணந்து பார்த்தேன். பலாவிலை மணந்தது.

கலாநிதி வசந்தி வந்தார். முடிந்தால் அவரை வீட்டுக்கும் கூட்டிவருவேன் என்று அன்று காலை அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆய்வுகூடத்தில் சுகந்தன் தன் தட்டுகளை வரிசையாகக் காட்டினான். அவர் தலையசைத்துக்கொண்டே போனார். அந்தத் தலையசைப்பை என்னால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், நான் உதை உயிருள்ள ஆட்டிலேயே செய்து பார்த்திட்டன்."

எங்கள் பேராசிரியர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். "எந்த ஆட்டிலை?" என்றார்.

"எங்கடை ஆட்டிலை சேர்."

போகாமல் விட்டிருக்கலாம். பேராசிரியரும் அதைத்தான் கண்ணால் கெஞ்சினார். ஆனால் கலாநிதி வசந்திக்கு ஆவல் வந்துவிட்டது. மூன்று பேரும் வாகனத்தில் உரும்பிராய்க்கு வெளிக்கிட்டோம். வழியில் நான் மருந்தின் மகிமையைச் சொன்னேன். களவு ஒன்று நடப்பதாகவும், அதனால் வலப்பக்கமும் வளர்ந்திருப்பதாகவும், களவெடுக்கிற அளவுக்கு மருந்து நல்லதென்பதற்கு அதுவே சான்று என்றும் சொன்னேன். பேராசிரியர் யன்னலுக்கு வெளியே வெங்காயத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

படலையைத் திறந்துவிட்டு, "இதுதான் மேடம்" என்று கொட்டில் பக்கம் கையைக் காட்டினேன்.

லீலா நின்றது. தலையிலிருந்து வால்வரை ஒரு மயிர் இல்லை. உடம்பெல்லாம் சந்தனம். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தில் செவ்வரத்தம்பூ மாலை. மாலையின் முன்பாதியை அது ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தது.

கலாநிதி வசந்தி குனிந்து பார்த்து, "இதிலே... எது இடப்பக்கம்?" என்று கேட்டார்.

என் பட்டம், என் விமானச்சீட்டு, என் குளிர்ச்சட்டை எல்லாம் அந்த மொட்டை ஆட்டில் வழுக்கிக்கொண்டு போனதைக் கண்டேன். வேலிக்கு அப்பால் துவாய் தெரிந்தது. சிவபாலண்ணை வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"அண்ணை! துவாயைக் கழட்டுங்கோ!"

"என்ன தம்பி?"

"எல்லாம் எனக்குத் தெரியும். மருந்தையும் எடுத்து, கடைசியிலை மயிரையும் எடுத்திட்டியள். இவை பெரிய ஆக்கள், இவைக்கு முன்னாலை கழட்டிக் காட்டுங்கோ!"

அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது. முற்றத்தில் கூட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி விளக்குமாற்றோடு அப்படியே நின்றார். "வேண்டாம் தம்பி" என்றார் சிவபாலண்ணை. நான் விடவில்லை. "ஒளிக்க ஒண்டும் இல்லையெண்டால் கழட்டுங்கோவன்" என்றேன். அந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடும்.

அவர் கழற்றினார். புது மயிர் ஒன்றும் இல்லை. இருந்த நாலு மயிரும் அட்டக்கறுப்பு. அதோடு நெற்றி, இரண்டு காதுகள், பிடரி எல்லாம் கறுப்பு. கறுப்புக்கு நடுவில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள்.

"மூத்தவளின்ரை கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கோணும் எண்டு மை அடிச்சனான். ஒவ்வாமல் போட்டுது. தேச்சுத் தேச்சுப் பாத்தன், போகுதில்லை." குரலைத் தாழ்த்தி, என்னிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னார். "மை அடிக்க முதல் உன்னட்டை மருந்து கேப்பம் எண்டுதான் வந்தனான். பேந்து வெக்கமாக் கிடந்தது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த அழுகை. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆட்டைப் பார்த்தேன். ஆடு மாலையின் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அப்போது படலையைத் திறந்துகொண்டு அம்மா வந்தார். குளித்து முழுகி, நெற்றி நிறையத் திருநீறு. கையில் தட்டம். தட்டத்தில் வடை.

"வந்திட்டினமே? இருங்கோ, இருங்கோ. வைரவருக்கு வடைமாலை சாத்திப்போட்டு வாறன்."

"அம்மா, ஆட்டின்ரை மயிர் எங்கை?" என்றேன்.

"சந்தி வைரவரின்ரை சூலத்தடியிலை. நேர்த்தி வைச்சனான் எல்லே? நீ பூசத் தொடங்கின அண்டைக்கே. ஆட்டுக்கு மயிர் வளந்தால் முதல் மயிர் உமக்குத்தான் எண்டு. நேர்த்தியைக் கழிக்காமல் பெரிய ஆக்களைக் கூப்பிடலாமோ? அதுதான் நீ வெளிக்கிட்டுப் போன கையோடை இறக்கினனான். சிவபாலன்தான் பாவம், ஆட்டின்ரை காலைப் பிடிச்சுத் தந்தவர்."

நான் சிவபாலண்ணையைப் பார்த்தேன். அவர் துவாயைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

கலாநிதி வசந்தி ஒரு வடையை எடுத்துக்கொண்டார். நல்ல விஞ்ஞானி. சரியான கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டார். "அம்மா, வலப்பக்கத்துக்கும் நீங்கள் மருந்து பூசினீங்களா?"

"ஓம் பிள்ளை. தம்பி ஒரு பக்கம் மட்டும் பூசிப்போட்டுப் போயிடுவான். மற்றப்பக்கம் என்ன பாவம் செய்தது? பிள்ளையளுக்கு எண்ணெய் வைக்கேக்கை பாதித்தலைக்கோ வைக்கிறனாங்கள்?"

"பரிசோதனைக்கு அனுமதி எடுத்தீங்களா?" இந்தக் கேள்வி எனக்கு.

"ஓம் மேடம்."

"யாரிட்டை?"

"அம்மாட்டை."

பேராசிரியர் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். முகம் கழுவ என்றுதான் நினைத்தேன். அங்கேயே கனநேரம் நின்றார்.

இடம் சுகந்தனுக்குப் போனது. அதைச் சொல்லத் தேவையில்லை. இன்று அவன் பனிக்குள் நிஜமான குளிர்நாட்டு ஆடுகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்து அனுப்புகிறான் (ஆட்டுக்கும் அவனுக்கும் நடுவில் எப்போதும் ஒரு வேலி இருக்கும்). நான் மருதனார்மடத்தில் ஒரு தனியார் வகுப்பில் உயிரியல் படிப்பிக்கிறேன். பரிசோதனையில் ஒப்பிடும் பக்கத்தைத் தொடக்கூடாது என்ற பாடம் வரும்போதெல்லாம் பின்வாங்கிலிருந்து யாராவது "மே" என்று கத்துகிறார்கள். கதை எப்படி அங்கே போனதென்று தெரியவில்லை. சிவபாலண்ணையில்தான் எனக்குச் சந்தேகம். அன்றைக்கே அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டார். ஆனால் றோட்டில் எங்கே கண்டாலும் சைக்கிளை நிறுத்தி, துவாயைத் தூக்கித் தலையைக் காட்டி, "சோதிச்சாச்சோ? போகலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

எங்கள் குடும்பத்தில் "மற்றப்பக்கத்துக்கும் பூசு" என்பது நிலையான வசனமாகிவிட்டது. அக்காவின் பிள்ளைகளில் ஒன்றுக்குப் பரிசு வாங்கினால் கனடாவிலிருந்து மற்றது அதைத்தான் கத்தும். லண்டன் அண்ணைக்கு ஒரு வேலை சரிவந்தால் நான் போன் எடுத்துக் கேட்கும் முதல் கேள்வி, "மொட்டையை எப்ப போடுறம்?" என்பதுதான்.

ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் எனக்குப் போகவில்லை. நெருப்புப்பெட்டி அளவு மயிருக்கு வைத்த நேர்த்திக்கு ஏன் முழு ஆட்டையும் மழிக்க வேண்டும்? ஏன் சரியாக அன்று காலை? போன மாதம் வீடியோ அழைப்பில் அண்ணையே அதைக் கேட்டுவிட்டார்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் நேர்த்தி வைச்சது உவன் வெளிநாடு போகோணும் எண்டோ, போகக்கூடாது எண்டோ?"

"எனக்கென்ன விசரே? ஆட்டுக்கு மயிர் வளரவேணும் எண்டுதான் வைச்சனான்" என்றார் அம்மா. பிறகு அடுப்பில் ஏதோ கரிகிறதென்று எழும்பிப் போனார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

நேர்த்தி என்பது ஒருமுறை கழித்தால் கழிந்ததுதான். இது எங்களூரில் எல்லாருக்கும் தெரியும். அம்மா மட்டும் ஒவ்வொரு வருசமும், கலாநிதி வசந்தி வந்துபோன அந்த நாள் வந்தால், முழுகிவிட்டுப் போய்ச் சந்தி வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வருகிறார். எதற்கு என்று கேட்டால், "சும்மா, ஒரு நன்றிக்கு" என்கிறார். நன்றி எதற்கு என்று நான் கேட்பதில்லை. வடையை எடுத்துச் சாப்பிடுகிறேன். அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்.